தக்கையைத் தள்ளிய எண்ணெய்

1830 செப்டம்பர் 15ஆம் தேதி லிவர்பூலிலிருந்து மான்செஸ்டருக்குப் புறப்பட்ட ரயிலைப் பார்க்கப் பெருங்கூட்டம் திரண்டது. எல்லோருடைய கண்ணும் இன்ஜினின் மேல்தான். கொதிகலனின் சீற்றம், புகைபோக்கியின் கரும்புகை, குதிரையில்லாமல் ஓடும் பெட்டிகள் என்று வியந்து பேச நிறைய இருந்தது. பெட்டிக்கு அடியில் யாராவது குனிந்து பார்த்திருந்தாலும், சக்கரத்தை ஒட்டிச் சிறிய இரும்புக் கூடு ஒன்றுதான் தெரிந்திருக்கும். அடுத்த அரை நூற்றாண்டுக்கு ரயில்காரர்களின் தூக்கத்தைக் கெடுத்த விஷயம் அந்தக் கூட்டுக்குள்தான் இருந்தது.

மாட்டுவண்டியில் அச்சு சுழலாது. சக்கரம்தான் அதைச் சுற்றி உருளும். வைக்கோல் கரியை விளக்கெண்ணெயில் குழைத்த மையைத் தடவிவிட்டால் சந்தைக்குப் போய்த் திரும்பிவிடலாம். மை தீர்ந்தால் சக்கரம் கிறீச்சென்று கத்தும், மாடு கொஞ்சம் கூடுதலாக இழுக்கும், அவ்வளவுதான். ரயிலில் சக்கரமும் அச்சும் ஒரே உடல், சேர்ந்தே சுழலும். சக்கரத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் அச்சின் கழுத்தின் மேல், குதிரை முதுகில் சேணம் போட்டதுபோல, ஒரு வெண்கலத் துண்டு உட்கார்ந்திருக்கும். பெட்டியின் பல டன் எடையும் இப்படிச் சில துண்டுகள் வழியாகத்தான் அச்சுக்கு இறங்கும். மேலே அசையாத வெண்கலம், அடியில் நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கான முறை சுழலும் இரும்பு. இரண்டும் நேருக்கு நேர் தொட்டுக்கொண்டால் என்ன நடக்கும் என்பதை ரயில்கள் சீக்கிரமே காட்டின.

முதலில் தீய்ந்த வாடை வரும். பிறகு புகை, அதன் பிறகு தீ. வெண்கலம் தேய்ந்து இழுபடும், அச்சின் கழுத்து பழுக்கக் காய்ந்து முறியும், பெட்டி தடம் புரளும். 'ஹாட் ஆக்ஸில்' என்று நம் ரயில்வே ஊழியர்கள் இன்றும் சொல்லும் அந்த நோய்க்கு அப்போது ஒரே மருந்துதான் தெரிந்திருந்தது: இன்னும் நிறையக் கொழுப்பைப் போடுவது. எந்தக் கொழுப்பு என்பதில்தான் சண்டை.

லிவர்பூல் – மான்செஸ்டர் ரயில் நிறுவனத்தின் செயலாளர் ஹென்றி பூத் 1835இல் ஒரு கலவைக்குக் காப்புரிமை வாங்கினார். மாட்டுக்கொழுப்பு, பனை எண்ணெய், சோடா, தண்ணீர் எல்லாம் சேர்ந்த மஞ்சள் களிம்பு அது. வெண்கலத்துக்கு மேலே இருந்த அறையில் அதை அப்பி வைப்பார்கள். அச்சு சூடானால் களிம்பு உருகி, வெண்கலத்தின் உச்சியில் போட்ட துளை வழியாகச் சொட்டும். பார்க்க நல்ல ஏற்பாடுதான். ஆனால் பனிக்காலத்தில் களிம்பு கல்லாக இறுகியது. அச்சு சுட்டால்தான் அது உருகும். அது உருகும்வரை அச்சு சுட்டுக்கொண்டே இருக்கும். நோய் முற்றிய பிறகே வேலை செய்யும் மருந்தை வைத்துக்கொண்டு, ரயில்களின் வேகம் மட்டும் ஆண்டுக்கு ஆண்டு கூடியது.

விடையின் ஒரு துண்டு அதற்குள் வேறொரு நாட்டில் கிடைத்திருந்தது. பிரான்சின் அல்சாஸ் பகுதியில் நெசவாலை இயந்திரங்களோடு பழகிய குஸ்தாவ் அடோல்ஃப் ஹிர்ன், உலோகமும் உலோகமும் நேராக உரசுவது வேறு, நடுவே ஒரு திரவம் நிற்கும்போது உரசுவது வேறு என்று 1847இல் சோதித்துக் கண்டார். போதிய வேகம் இருந்தால் வெறும் காற்றே எண்ணெயின் வேலையைச் செய்துவிடும் என்றும் காட்டினார். பிரெஞ்சு அறிவியல் அகாடமி அந்தக் கட்டுரையை ஏற்கவில்லை. 1854இல் அது வேறிடத்தில் அச்சேறியபோதும் ரயில்காரர்கள் யாரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

எண்ணெய்க்காரர்கள் ஒருவருக்கொருவர் எதிராகப் பேசிக்கொண்டிருந்த காலம் அது. திமிங்கில எண்ணெயே சிறந்தது என்றார் ஒருவர், ஆலிவ் எண்ணெய் என்றார் இன்னொருவர். மண்ணிலிருந்து புதிதாக வந்த கனிம எண்ணெயை நம்பலாமா என்பதே பெரிய விவாதம். உராய்வு பற்றிய பழைய பாடப்புத்தக விதிகளோ எண்ணெய் பூசாத பரப்புகளுக்கு எழுதப்பட்டவை. சுழலும் அச்சுக்கு அவை பொருந்தவே இல்லை. கடைசியில் பிரிட்டனின் இயந்திரப் பொறியாளர் சங்கம் ஒரு ஆய்வுக் குழு அமைத்தது. சோதனைகளைச் செய்யும் பொறுப்பு ரயில் துறைக்குச் சம்பந்தமில்லாத ஒருவரிடம் போனது.

பீச்சம் டவர் 1845இல் பிறந்தவர், பாதிரியாரின் மகன். மாதிரிக் கப்பல்களைத் தண்ணீரில் இழுத்துச் சோதித்த வில்லியம் ஃபுரூடிடம் உதவியாளராக இருந்தவர். திரவம் எப்படி நகரும், அதை எப்படி அளக்க வேண்டும் என்பது அவருக்குக் கைப்பழக்கம். லண்டனில் மெட்ரோபாலிட்டன் ரயில்வேயின் எட்ஜ்வேர் ரோடு பட்டறையில் அவருடைய இயந்திரம் நின்றது. நான்கு அங்குல விட்டமும் ஆறு அங்குல நீளமும் கொண்ட எஃகுக் கழுத்து, அதன் முதுகில் கிட்டத்தட்டப் பாதிச் சுற்றளவைத் தழுவிய வெண்கலத் துண்டு, அதன்மேல் வேண்டிய அளவு சுமை. எளிய கருவிதான். ஆனால் டவர் செய்த ஒரு சிறு ஏற்பாடு, யாரும் கேட்காத கேள்விக்குக் கதவைத் திறந்து வைத்திருந்தது.

ஒவ்வொரு எண்ணெயையும் ஒரே நிலையில் வைத்து ஒப்பிட வேண்டுமே என்று, அச்சின் அடிப்பகுதி எண்ணெய்த் தொட்டியில் நனைந்தபடி சுழலும்படி அவர் வைத்தார். சுழலும் அச்சே எண்ணெயை வேண்டிய மட்டும் வாரிக்கொண்டு மேலே போகட்டும் என்பது யோசனை. ஆலிவ் எண்ணெய், பன்றிக்கொழுப்பு எண்ணெய், திமிங்கில எண்ணெய், விதை எண்ணெய், கனிம எண்ணெய் என்று வரிசையாக ஓடின. கிடைத்த எண்கள் நம்ப முடியாத அளவுக்குச் சிறியவை. உராய்வு, சுமையில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்காக இருந்தது. சுமையைக் கூட்டினாலும் உராய்வு அதற்கேற்ப ஏறவில்லை. இரண்டு திடப்பொருள்கள் உரசும்போது நடக்கக்கூடிய காரியமே இல்லை அது. அப்படியானால் அங்கே எதுவும் உரசவில்லையா?

அந்தக் கேள்வி எழுவதற்குள் ஒரு தோல்வி குறுக்கிட்டது. தொட்டிச் சோதனைகள் முடியும் தறுவாயில், கனிம எண்ணெயை வைத்துச் சுமையை ஏற்றிக்கொண்டே போனபோது, சதுர அங்குலத்துக்கு 625 பவுண்டில் வெண்கலம் அச்சைக் கவ்விப் பிடித்துக்கொண்டது. இயந்திரத்தை நிறுத்தி வெண்கலத்தைக் கழற்றினார்கள். கழற்றியதுதான் கழற்றினோம், அடுத்த கட்டச் சோதனைக்கு வேண்டிய துளையை இப்போதே போட்டுவிடலாம் என்று, வழக்கமான எண்ணெய்க் கிண்ணத்தைப் பொருத்துவதற்காக வெண்கலத்தின் உச்சியிலும் அதன் இரும்பு மூடியிலும் அரை அங்குலத்தில் ஒரு துளை போட்டார்கள். நேரத்தை மிச்சம் பிடிக்கச் செய்த வேலை. கிண்ணத்தை இன்னும் பொருத்தவில்லை. தொட்டியில் எண்ணெய் ஊற்றி இயந்திரத்தை மறுபடி ஓட்டினார்கள்.

எண்ணெய் அந்தத் துளை வழியாக மேலே ஏறி வந்தது. மூடியைத் தாண்டி வழிந்து எல்லா இடத்தையும் அசிங்கப்படுத்தியது. ஊர் உலகமெல்லாம் மேலிருந்து கீழே எண்ணெயை இறக்கத்தான் அந்தத் துளையைப் போட்டுவந்தது. இங்கே அது தலைகீழாக ஓடியது. அப்போதைக்கு அது ஒரு தொல்லை மட்டுமே. துளையை ஒரு தக்கையால் அடைத்தார்கள்.

தக்கை நிற்கவில்லை. ஒரு மரமுளையை அடித்து இறுக்கினார்கள். இயந்திரம் சுழலத் தொடங்கியதும் முளை மெல்ல, மிக மெல்ல, ஆனால் நிற்காமல் வெளியே வந்தது. தெறித்திருந்தால் தற்செயல் என்று விட்டிருக்கலாம். அடியிலிருந்து பலமான ஏதோ ஒன்று அமைதியாகத் தள்ளுவதுபோல் அது நகர்ந்தது. இன்னும் பெரிய முளையை அடிக்க எந்தப் பட்டறையிலும் மரத்துக்குப் பஞ்சமில்லை. டவரின் கை வேறொன்றைத் தேடியது.

துளையில் ஓர் அழுத்தமானியைத் திருகி மாட்டினார். இயந்திரம் ஓடியது. முள் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி 100ஐத் தாண்டியது, 150ஐத் தாண்டியது, கருவியின் கடைசிக் கோடான 200 பவுண்டையும் தாண்டிப்போனது. அச்சின் மேல் அப்போது வைத்திருந்த சுமையோ, சராசரியாகச் சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டு மட்டுமே. எந்தப் பம்பும் இல்லை, மேலே தொட்டியும் இல்லை. சுமையைப்போல் இரண்டு மடங்குக்கு மேற்பட்ட அழுத்தம் எங்கிருந்து வந்தது?

வெண்கலம் அச்சின்மேல் உட்காரவே இல்லை என்பதை டவர் உணர்ந்தார். கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்ப் படலம் ஒன்று இரண்டுக்கும் நடுவே புகுந்து, முழுச் சுமையையும் தூக்கிப் பிடித்திருந்தது. வெண்கலம் மிதந்துகொண்டிருந்தது. 1883இல் அவருடைய முதல் அறிக்கை வெளிவந்தது. அதே அறிக்கையில் ரயில்காரர்களைச் சங்கடப்படுத்தும் இன்னொரு உண்மையும் இருந்தது.

தொட்டியை எடுத்துவிட்டு, காலங்காலமாக எல்லோரும் செய்ததைப் போல உச்சித் துளையில் எண்ணெய் விட்டுப் பார்த்தார் டவர். எண்ணெய் உள்ளே இறங்க மறுத்தது. துளையிலிருந்து நீளவாக்கில் காடி வெட்டிக் கொடுத்தும் பயனில்லை. சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டு சுமையில்கூட அச்சு சூடேறியது. காரணம் இப்போது பச்சையாகத் தெரிந்தது. எந்த இடத்தில் சுமை அதிகமாக அழுத்துகிறதோ அந்த இடத்தில்தான் படலத்தின் அழுத்தமும் உச்சம். அங்கே துளை போடுவது, காற்றடித்த டயரில் ஆணி அடிப்பதற்குச் சமம். உள்ளே போகவேண்டிய எண்ணெய்க்கு, அரை நூற்றாண்டாக, வெளியே ஓட வழி வெட்டிக் கொடுத்திருந்தார்கள்.

1885இல் வந்த இரண்டாம் அறிக்கைக்காக டவர் வெண்கலத்தின் பல இடங்களில் அழுத்தத்தை அளந்து, ஒரு வரைபடமே தயாரித்தார். ஓரங்களில் குறைவாகவும் நடுவில் குன்றுபோல் உயர்ந்தும் அழுத்தம் நின்றது. அத்தனையையும் கூட்டிப் பார்த்தபோது, எண்ணெய் தாங்கிய மொத்த எடை 7,988 பவுண்டு. அச்சின்மேல் உண்மையில் வைத்திருந்த சுமை 8,008 பவுண்டு. வித்தியாசம் வெறும் இருபது. சுமை முழுவதையும் எண்ணெயே தாங்குகிறது என்பதில் இனிச் சந்தேகமில்லை. ஆனால் நசுக்கினால் விலகி ஓடுவதுதானே எண்ணெயின் குணம்? அது ஏன் ஓடாமல் நின்று சுமக்கிறது என்பதை டவரால் சொல்ல முடியவில்லை.

இரண்டாம் அறிக்கைக்கு முந்தைய ஆண்டு, 1884இல், கனடாவின் மான்ட்ரியாலில் பிரிட்டிஷ் அறிவியல் சங்கம் கூடியது. தலைமையுரை ஆற்றிய ரேலி பிரபு டவரின் சோதனையை எடுத்துப் பேசினார். அதே கூட்டத்தில் அதைப் பற்றித் தன் கருத்தை முன்வைத்த இன்னொருவர், மான்செஸ்டரின் ஓவன்ஸ் கல்லூரிப் பேராசிரியர் ஆஸ்போர்ன் ரேனால்ட்ஸ். கண்ணாடிக் குழாயில் ஓடும் நீரில் சாயக் கோடு விட்டு, ஓட்டம் எப்போது அமைதியாக இருக்கும், எப்போது கலங்கும் என்று முந்தைய ஆண்டுதான் காட்டியவர். தண்ணீருக்குக் கேட்ட கேள்வியை எண்ணெய்க்கும் கேட்டுப் பார்த்தார். விடை எழுதி முடிக்க இன்னும் இரண்டு ஆண்டுகள் ஆயின.

1886இல் ராயல் சொசைட்டி வெளியிட்ட அந்தக் கட்டுரை ஏறக்குறைய எண்பது பக்கம். அதன் மையக் கருத்தோ ஒரு தேர்த் திருவிழாவை நினைத்தால் விளங்கிவிடும். அகன்ற வீதியில் வரும் கூட்டம் ஒரு சந்துக்குள் திரும்பும்போது, பின்னால் வருபவர்கள் தள்ளிக்கொண்டே இருக்க, சந்தின் வாயில் நெரிசல் ஏறும். அச்சின் மேனியில் ஒட்டிய எண்ணெயை அச்சு தன்னோடு இழுத்துப் போகிறது. வெண்கலத்தின் வளைவு அச்சின் வளைவைவிட மயிரிழை பெரியது. சுமையும் சுழற்சியும் சேர்ந்து அதைச் சற்றே ஒருபக்கம் நகர்த்துகின்றன. அதனால் எண்ணெய் நுழையும் பக்கம் அகலமாகவும் போகப்போகக் குறுகலாகவும் ஓர் ஆப்பு வடிவ இடைவெளி பிறக்கிறது. குறுகும் சந்துக்குள் இழுத்துவரப்பட்ட எண்ணெய் தப்பிக்க நேரமில்லாமல் நெருக்கப்படுகிறது. அந்த நெருக்கம்தான் மரமுளையைத் தள்ளிய கை.

வேகமாகச் சுழன்றால் எண்ணெய் அதிகம் நுழையும், படலம் கனக்கும். எண்ணெய் சூடேறி நீர்த்துப்போனால் படலம் மெலியும். எவ்வளவு சூட்டில் எவ்வளவு நீர்க்கும் என்று ஆலிவ் எண்ணெயை வைத்து ரேனால்ட்ஸே அளந்தார். அச்சு நின்றுவிட்டால் படலம் கலைந்து உலோகம் உலோகத்தின்மேல் இறங்கிவிடும். டவரின் முதல் அறிக்கை வந்த அதே 1883இல், ரஷ்யாவில் நிகோலாய் பெட்ரோவும் ரயில் அச்சின் உராய்வு எண்ணெயின் பிசுபிசுப்பைப் பொறுத்ததே என்று தனியாகக் கணக்கிட்டிருந்தார். ஆப்பின் ரகசியம் மட்டும் ரேனால்ட்ஸின் சமன்பாட்டில்தான் இருந்தது. அந்தச் சமன்பாட்டை, ஒருவரை ஒருவர் அறியாத இருவர், உலகின் இரண்டு மூலைகளில் உட்கார்ந்து படித்தார்கள்.

ஒருவர் அமெரிக்காவின் ஆல்பர்ட் கிங்ஸ்பரி. 1888இல் கார்னெல் பல்கலைக்கழக மாணவராக ரயில் அச்சு உலோகங்களைச் சோதித்தபோது, எந்த உலோகத்தை வைத்தாலும் உராய்வு ஒன்றுபோலவே வந்ததைக் கண்டு திகைத்தவர். மற்றவர் மெல்போர்னில் இருந்த பொறியாளர் ஆந்தனி ஜார்ஜ் மால்டன் மிட்செல். இருவரையும் ஒரே சிக்கல் பிடித்துக்கொண்டது. கிடையாகச் சுழலும் அச்சில் ஆப்பு தானாகவே பிறக்கிறது. கப்பலின் சுழல்தண்டு முன்னோக்கித் தள்ளும் விசையையோ, செங்குத்தாக நிற்கும் நீர்மின் சுழலியின் எடையையோ தாங்குவது தட்டையான பரப்பு. தட்டையின்மேல் தட்டை சுழன்றால் ஆப்பு எங்கிருந்து வரும்?

இருவருக்கும் ஒரே விடை தோன்றியது. தாங்கும் பரப்பை ஒரே தட்டாக வைக்காமல் பல துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றும் ஒரு முனையின்மேல் லேசாகச் சாய்ந்தாடும்படி விட்டால் போதும். ஓடும் எண்ணெயே துண்டைச் சாய்த்துத் தனக்கு வேண்டிய ஆப்பைச் செய்துகொள்ளும். மிட்செல் 1905இல் காப்புரிமை பெற்றார். 1898லேயே சோதித்துப் பார்த்திருந்த கிங்ஸ்பரி, 1907இல்தான் விண்ணப்பித்தார். மிட்செலின் காப்புரிமை குறுக்கே நின்றது. தன் பழைய சோதனைகளைக் காட்டி வாதாடி, 1910இல் அமெரிக்கக் காப்புரிமையை வாங்கினார். காகிதத்தில் வென்றாயிற்று, எடையைத் தாங்குமா என்பது பாக்கி.

1912இல் பென்சில்வேனியாவின் சஸ்க்குவஹானா ஆற்றங்கரையில், ஹோல்ட்வுட் நீர்மின் நிலையத்தில் அந்தப் பரீட்சை நடந்தது. ஏறக்குறைய 200 டன் சுமை, சாயும் துண்டுகள் கொண்ட 48 அங்குல விட்டமுள்ள ஒரு பேரிங்கின் மேல் இறங்கியது. முதல் ஓட்டத்திலேயே அது கெட்டுப்போனது. கிங்ஸ்பரி ஓடிவிடவில்லை. பேரிங்கின் பரப்புகளைச் சீராக்கித் திரும்பப் பூட்டச் செய்தார். இரண்டாம் முறை சுழலி சுழன்றது. சுழன்றுகொண்டே இருந்தது. பல பத்தாண்டுகள் கழித்துத் திறந்து பார்த்தவர்கள் கண்ட தேய்மானம் அற்பத்திலும் அற்பம். 1987இல் அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கம் அதை வரலாற்றுச் சின்னமாக அறிவித்தபோதும், அந்தப் பேரிங் அருங்காட்சியகத்துக்குப் போகவில்லை, வேலையில்தான் இருந்தது.

பெருங்கப்பல்களும் அதே வழிக்கு வந்தன. தண்டில் வரிசையாகப் பல வளையங்களைக் கோத்து, சூட்டோடு போராடிக்கொண்டிருந்த பழைய அமைப்பின் இடத்தில், ஒரே வளையமும் சில சாயும் துண்டுகளும் போதுமானவையாயின. இன்று தூத்துக்குடித் துறைமுகத்தில் வந்து நிற்கும் பெரிய சரக்குக் கப்பலை முன்னோக்கித் தள்ளும் விசை முழுவதும் இப்படியொரு எண்ணெய்ப் படலத்தின் வழியாகத்தான் கப்பலின் உடலுக்குப் போகிறது. கதை தொடங்கிய இடமான ரயில் அச்சோ அந்த வழியைவிட்டே விலகிவிட்டது. நின்று நின்று கிளம்பும் ரயிலில் ஒவ்வொரு கிளம்பலிலும் படலம் புதிதாகப் பிறந்தாக வேண்டும். நின்றாலும் கிளம்பினாலும் ஒன்றுபோல் உருளும் உருளை பேரிங்குகள் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன.

டவரின் கண்டுபிடிப்பு போய்ச் சேர்ந்த வீடு வேறு. தெருவில் போகும் ஒவ்வொரு காரின் இன்ஜினிலும், பிஸ்டன்களின் அடியைத் தாங்கிச் சுழலும் கிராங்க் தண்டு எதன்மேலும் உட்கார்ந்திருக்கவில்லை. முடியைவிட மெல்லிய எண்ணெய்ப் படலத்தில் மிதக்கிறது. ஆயில் பம்பு எண்ணெயைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதோடு சரி; சுமையைத் தாங்கும் அழுத்தத்தைச் சுழலும் தண்டே உண்டாக்கிக்கொள்கிறது. காலையில் இன்ஜினை எழுப்பியதும் ஓரிரு நொடி எரிந்து அணையும் சிவப்பு விளக்குக்குப் பின்னால் நடப்பதும் இதுதான்: இரவெல்லாம் உலோகத்தின்மேல் கிடந்த தண்டு, எண்ணெயை இழுத்துத் தன் ஆப்பைக் கட்டி, மேலெழுகிறது.

இன்ஜினைப் பிரித்து அந்தத் தண்டைத் தாங்கும் இரண்டு அரைவட்டத் தகடுகளையும் கையில் எடுத்து வைத்தால் ஒரு வித்தியாசம் தெரியும். மேல் தகட்டில் எண்ணெய் வரும் துளையும் காடியும் இருக்கும். கீழ்த் தகடு பெரும்பாலும் மழுமழுவென்று வெறுமையாக இருக்கும். பிஸ்டனின் அடி கீழே விழுகிறது. சுமை விழும் இடத்தில் துளை கூடாது. அன்று எட்ஜ்வேர் ரோடு பட்டறையில், நேரத்தை மிச்சம் பிடிக்கப் போட்ட அரை அங்குலத் துளை இருந்தது தவறான இடத்தில். எண்ணெய்க்குச் சரியான இடம் எது என்று உலகத்துக்குக் காட்டியது அதுதான்.